ராத்திரி வியர்த்துக் கொட்டுகிறதா? நாள்பட்ட நோயோடு வாழ்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மணி இரண்டே கால். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலையணையைத் திருப்பிப் போட்டால் அந்தப் பக்கமும் ஈரம். போர்வையை உதறினால் நடுங்குகிறது, இழுத்துப் போர்த்தினால் புழுங்குகிறது. எழுந்து மாற்றுச் சட்டை தேட உடம்பில் தெம்பில்லை. அப்படியே ஈரத்தில் சுருண்டு படுத்துவிட்டு, காலையில் அடித்துப் போட்டதுபோல் எழுந்திருக்கிறோம்.

எனக்கு முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய், வந்து 11 வருடம் ஆகிறது. இப்படி எத்தனை இரவுகள் போயின என்பதற்குக் கணக்கில்லை. முதல் சில வருடங்கள் ராத்திரிப் பிரச்சினையை ராத்திரியிலேயே தீர்க்கப் பார்த்தேன். அது நடக்காது. அரைத்தூக்கத்தில், களைப்பில், எதையும் யோசித்து முடிவெடுக்க முடியாது. செய்ய வேண்டியதையெல்லாம் பகலிலேயே செய்து வைத்துவிட்டால், இரவில் கை தானாகப் போய் வேண்டியதை எடுக்கும். ஐந்து நிமிடத்தில் மறுபடி படுத்துவிடலாம்.

இன்னொன்றும் தாமதமாகத்தான் புரிந்தது. உங்களுக்கு வழக்கமாக வரும் வியர்வை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால்தான் வழக்கத்துக்கு மாறாக ஒன்று வரும்போது பிடிபடும். நீண்ட நாள் நோயாளிகளான நாம் ஏமாந்துபோகும் இடம் இதுதான். "எல்லாம் அந்தப் பழைய நோய்தான்" என்று நாமும் விட்டுவிடுகிறோம், சில சமயம் மருத்துவரும் விட்டுவிடுகிறார்.

ராத்திரியில் ஏன் இப்படி ஆகிறது?

அறை புழுக்கமாக இருந்தாலோ, கனமாகப் போர்த்தியிருந்தாலோ யாருக்கும் வியர்க்கும். அதை இங்கே சேர்க்க வேண்டாம். அறை இதமாக இருந்தும், உடையையோ விரிப்பையோ மாற்ற வேண்டிய அளவுக்கு நனைந்தால் அதைத்தான் இரவு வியர்வை என்கிறோம்.

உடம்பின் வெப்பத்தைக் கவனித்துக்கொள்வது மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ். தூங்கும்போது உடம்பின் உள்வெப்பம் அரை டிகிரியிலிருந்து 1 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். விடிவதற்குக் கொஞ்சம் முன்பு மிகக் குறைவாக இருக்கும். வீக்கத்தைக் கட்டுக்குள் வைக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் நள்ளிரவையொட்டித்தான் மிகக் குறைவாகச் சுரக்கிறது. அந்த நேரத்தில் அடங்கியிருந்த அழற்சி தலைதூக்கும். உடம்பு லேசாகக் காயும், பிறகு அந்தச் சூடு தணியும்போது வியர்வையாகக் கொட்டும். முடக்குவாதம், லூபஸ் போன்று நோய் எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய்களிலும், காசநோய் போன்ற தொற்றுகளிலும் இப்படி நடக்கலாம்.

ஆனால் வழி இது ஒன்றுதான் என்றில்லை. மாதவிடாய் நிற்கும் காலத்திலும், மார்பகப் புற்றுநோய், புராஸ்டேட் புற்றுநோய் ஆகியவற்றுக்கான ஹார்மோன் சிகிச்சையிலும் காய்ச்சலே இருக்காது. உடம்பு தாங்கிக்கொள்ளும் வெப்ப வரம்பு குறுகிப்போவதால், சின்ன ஏற்றத்துக்கே வியர்வைச் சுரப்பிகள் திறந்துகொள்கின்றன. சர்க்கரை இறங்கினால் உடம்பு அபாய மணி அடிப்பதுபோல் வியர்வை வரும், தோல் சில்லென்று இருக்கும். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, தூக்கத்தில் மூச்சு தடைப்படுவது, மருந்துகள் என்று இன்னும் சில காரணங்கள் உண்டு. நனைந்த சட்டை ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால்தான் அடுத்த படிகள் எல்லாம்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

இதை மட்டும் வீட்டில் உள்ள எல்லோரும் படித்து வைத்துக்கொள்ளட்டும்.

- குளிர்ந்த வியர்வையோடு நெஞ்சு வலி, நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி: உடனே ஆம்புலன்ஸ். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரலாம். காரணமில்லாத திடீர் வியர்வையும் மூச்சிரைப்பும் மட்டுமே அடையாளமாக இருக்கலாம்.
- கீமோதெரபி எடுப்பவருக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல்: விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் சிகிச்சைக் குழு கொடுத்த எண்ணுக்கு அப்போதே பேசுங்கள்.
- வியர்வையோடு குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத மயக்கம், நிற்காத நடுக்கம்.
- புதிதாக ஒரு மருந்து சேர்த்த சில நாட்களுக்குள் வியர்வையோடு கை கால் உதறல், படபடப்பு, வயிற்றுப்போக்கு, அமைதியின்மை எல்லாம் சேர்ந்து வருவது. மன அழுத்த மருந்தோடு டிராமடால் போன்ற வலிமருந்து சேரும்போது இது நடக்கலாம்.

இவ்வளவு அவசரம் இல்லாவிட்டாலும் ஒரு வாரத்துக்குள் மருத்துவரிடம் போயாக வேண்டியவை சில உண்டு. முயற்சி செய்யாமலே எடை குறைவது, கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டி இறங்காமல் இருப்பது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையானால் காய்ச்சல். ஆறு மாதத்தில் உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் காரணமின்றிக் குறைவது, 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், விரிப்பை நனைக்கும் இரவு வியர்வை ஆகியவற்றை லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் மருத்துவர்கள் தனியாகக் குறித்துக்கொள்வார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பெரும்பாலான இரவு வியர்வைக்குக் காரணம் இது இல்லை. ஆனால் எடை பார்க்கும் பழக்கம் இருந்தால்தான் எடை குறைவது தெரியும்.

படி 1: இரண்டு வாரக் குறிப்பு

படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா. கைப்பேசி வேண்டாம். அந்த வெளிச்சம் இருக்கும் தூக்கத்தையும் கலைத்துவிடும். இரவில் நேரத்தை மட்டும் கிறுக்கி வைத்தால் போதும், மீதியைக் காலையில் எழுதிக்கொள்ளலாம்.

அளவுக்கு மூன்று படிநிலை போதும். 1 என்றால் பிசுபிசுப்பு. 2 என்றால் சட்டை மாற்றினேன். 3 என்றால் விரிப்பும் மாற்றினேன். என் நோட்டிலிருந்து ஒரு வரி: "2.20, அளவு 3, காய்ச்சல் 37.1, பாரசிட்டமால் 10 மணிக்கு, சாப்பாடு 9.30, கை மூட்டு வீக்கம் உண்டு." அவ்வளவுதான். சர்க்கரை உள்ளவர்கள் சர்க்கரை அளவையும், பெண்கள் மாதவிடாய் நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள், காலையில் கழிப்பறை போய்விட்டு வந்ததும் எடை பாருங்கள்.

இந்த நோட்டு எனக்கு என்ன செய்தது என்று சொல்கிறேன். ஒரு சமயம் வாரத்துக்கு இரண்டு இரவு இருந்த வியர்வை ஐந்து இரவாகிவிட்டது. நோய் மறுபடி கிளம்பிவிட்டது என்று நினைத்தேன். ஸ்டீராய்டைக் கூட்டலாமா என்ற பேச்சு வரை போனது. நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது, வியர்வை கூடிய அந்த வாரத்தில் மூட்டு வீக்கம் என்று ஒரு வரிகூட இல்லை. அதற்கு ஒன்பது நாள் முன்பு, வலிக்காக டுலாக்செட்டின் என்ற மாத்திரையை இரவு வேளையில் தொடங்கியிருந்தேன். மருத்துவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அளவைக் கொஞ்சம் குறைத்து, காலை வேளைக்கு மாற்றினார். மூன்று வாரத்தில் பழையபடி இரண்டு இரவுக்கு வந்தது. தேவையில்லாத ஸ்டீராய்டு தப்பியது.

படி 2: மருந்துகளை வரிசையாக எழுதிப் பாருங்கள்

எடுத்துக்கொள்ளும் எல்லாவற்றையும், கடையில் நீங்களாக வாங்குவதையும் சேர்த்து, தொடங்கிய தேதியோடு எழுதுங்கள். வியர்வையைக் கூட்டும் என்று தெரிந்தவை இவை: செர்ட்ராலின், வென்லாஃபாக்சின், டுலாக்செட்டின் போன்ற மன அழுத்த மருந்துகள், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகள், மார்ஃபின், டிராமடால், மெத்தடோன் போன்ற வலிமருந்துகள், டமாக்சிஃபென், லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் மருந்துகள், இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும், அளவு கூடிப்போன தைராய்டு மாத்திரை. பாரசிட்டமாலும் உண்டு. காய்ச்சலை அது இறக்கும்போது, இறங்கும் சூடு வியர்வையாகத்தான் வெளியேறும். படுக்கும்போது போட்டால் நள்ளிரவில் நனைவீர்கள்.

பட்டியலைப் பார்த்துவிட்டு எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மன அழுத்த மருந்தை நிறுத்தினால் வியர்வையே இன்னும் கூடலாம். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி மூன்றுதான்: வேளையை மாற்றலாமா, அளவைக் குறைக்கலாமா, இதே வேலையைச் செய்யும் வேறு மருந்து உண்டா?

நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் போன்ற ஊசிகள் உடம்பில் உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும். அதனால்தான் தொடங்கும் முன் அதற்கான சோதனை செய்கிறார்கள். ஸ்டீராய்டு காய்ச்சலை மூடி மறைத்துவிடும். தெர்மாமீட்டர் 37 காட்டுகிறது என்பதால் தொற்று இல்லை என்று ஆகிவிடாது. நம்மைப் போன்றவர்களுக்கு வியர்வை மட்டும் தனியாக மாறினாலும் அது ஒரு தகவல்தான், மருத்துவரிடம் சொல்லத்தான் வேண்டும்.

படி 3: சர்க்கரை உள்ளவர்கள் முதலில் விரலில் குத்திப் பாருங்கள்

இன்சுலின் போடுபவர்களும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் ராத்திரி வியர்த்து விழித்தால் சட்டை மாற்றுவதற்கு முன் சர்க்கரை பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்வது அபூர்வம்.

சர்க்கரை 70-க்குக் (மி.கி./டெசிலிட்டர்) கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ். மூன்று நான்கு குளுக்கோஸ் மாத்திரை, அல்லது மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் திரும்ப அதே அளவு. ஏறியதும் ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். 54-க்குக் கீழே போயிருந்தால் அது பெரிய இறக்கம், மறுநாளே மருத்துவருக்குத் தெரிய வேண்டும். அகார்போஸ், வோக்லிபோஸ் எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். பொட்டாசியம் கட்டுப்பாடு உள்ள சிறுநீரக நோயாளிகளுக்குப் பழச்சாற்றைவிட குளுக்கோஸ் நல்லது. சரி, மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி வீட்டில் இருந்தால் அதைப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிராப்ரனலால், மெட்டோப்ரலால் போன்று இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பும் கை நடுக்கமும் அடங்கிப்போகும். ஆனால் வியர்வை அடங்காது. அவர்களுக்கு மிஞ்சும் ஒரே எச்சரிக்கை அந்த நனைந்த சட்டையாக இருக்கலாம்.

விழிக்காமலே தாழ்ந்துபோகும் இரவுகளும் உண்டு. கெட்ட கனவு, காலையில் தலைவலி, ஈரமான தலையணை ஆகியவை அதற்கு அடையாளம். மாலையில் வழக்கத்தைவிட அதிகம் நடந்த நாளிலும், மது குடித்த நாளிலும் இது வரலாம். சந்தேகம் இருந்தால் ஓரிரு இரவு 3 மணிக்கு அலாரம் வைத்துப் பாருங்கள். சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரைக் கையில் ஒட்டியிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தக் கையை அழுத்திப் படுத்திருந்தால் சென்சார் பொய்யாகக் குறைந்த அளவைக் காட்டும். குத்திப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

படி 4: படுக்கையை இரண்டு அடுக்காக விரியுங்கள்

இந்த ஒரு மாற்றம்தான் என் இரவுகளைக் காப்பாற்றியது. மெத்தையின் மேல் ஈரம் புகாத விரிப்பு ஒன்று, அதன் மேல் சாதாரண விரிப்பு. அதற்கு மேலேயே இன்னொரு ஈரம் புகாத விரிப்பு, அதன் மேல் இன்னொரு சாதாரண விரிப்பு. நனைந்ததும் மேலே உள்ள இரண்டையும் சுருட்டி இழுத்துத் தரையில் போட்டால், கீழே காய்ந்த படுக்கை தயாராக இருக்கும். விளக்குப் போட வேண்டாம், அலமாரி திறக்க வேண்டாம். முழு விரிப்பு சிரமம் என்றால், தோளிலிருந்து இடுப்பு வரை வரும்படி ஒரு பெரிய துண்டைக் குறுக்கே விரிக்கலாம். மேலே துணி, அடியில் ஈரம் தடுக்கும் படலம் என்று இருக்கும் விரிப்பாகப் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக் ஷீட் சூட்டைத் தேக்கி வியர்வையைக் கூட்டும்.

போர்வையும் அப்படித்தான். கனமான ஒன்றுக்குப் பதில் மெல்லியதாக இரண்டு. ஒன்றைத் தள்ளிவிட்டு இன்னொன்றில் இருக்கலாம்.

உடையைப் பொறுத்தவரை, எல்லோரும் பருத்தி என்பார்கள். பிசுபிசுப்பு அளவில் வியர்ப்பவர்களுக்கு அது சரிதான். ஆனால் பருத்தி ஈரத்தை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. கொட்டும் அளவுக்கு வியர்ப்பவர்களுக்கு, விளையாட்டு வீரர்கள் போடும் சீக்கிரம் காயும் துணிதான் குளிர் நடுக்கத்தைத் தவிர்க்கிறது. இரண்டையும் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். மூட்டு வலி உள்ளவர்களுக்கு என் அனுபவம்: தலை வழியாகக் கழற்றும் உடை வேண்டாம். நனைந்த பனியன் தோளில் சிக்கிக்கொண்டு, கையைத் தூக்கவும் முடியாமல், இருட்டில் பட்ட பாடு போதும். முன்பக்கம் திறக்கும் தளர்வான சட்டை, பெரிய பொத்தான்.

அறை எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நல்லது, ஆனால் நடுங்கக் கூடாது. ஃபேன் காற்று நேராக முகத்தில் படாமல் உடம்பைத் தடவிப் போகட்டும். அறையின் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் சூடான காற்றைத்தான் வீசும். அப்போது தோலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஃபேன் போட்டால்தான் பலன்.

படி 5: மாலை நேரம்

படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளியுங்கள். பச்சைத் தண்ணீர்தான் நல்லது என்று தோன்றும். ஆனால் வெந்நீர் கை கால்களின் ரத்தக் குழாய்களை விரித்து உள்வெப்பத்தை வெளியே விடுகிறது. படுக்கும் நேரத்துக்கு உடம்பு தானாகத் தணிந்திருக்கும். குளித்த கையோடு படுத்துவிடக் கூடாது, அந்த இடைவெளி முக்கியம்.

காரமும் வயிறு முட்டச் சாப்பிடுவதும் சிலருக்கு வியர்வையைத் தூண்டும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. உங்கள் நோட்டு சொல்லட்டும், வீணாக எல்லாவற்றையும் விலக்கி வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்ள வேண்டாம். காபியில் உள்ள காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும், அதனால் மதியத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மது பெரும்பாலானவர்களுக்கு இரவின் பின்பாதியில் வியர்வையைக் கூட்டும்.

அப்புறம், கூடையைத் தயார் செய்யுங்கள். கை எட்டும் இடத்தில், எப்போதும் ஒரே இடத்தில். அதில் ஒரு மாற்றுச் சட்டை, ஒரு சின்னத் துண்டு, ஒரு தலையணை உறை, மூடியுள்ள தண்ணீர் பாட்டில், தெர்மாமீட்டர், சர்க்கரை உள்ளவர்களுக்குக் கருவியும் குளுக்கோஸும். ஈரத்துணி போட ஒரு வாளி கட்டிலுக்கு அடியில்.

படி 6: இரண்டு மணிக்கு என்ன செய்வது

விழித்ததும் எழாதீர்கள். வியர்த்த உடம்பில் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம். ரத்த அழுத்த மாத்திரையோ நீர் பிரிய மாத்திரையோ எடுப்பவர்களும், பார்க்கின்சன் உள்ளவர்களும் சட்டென்று எழுந்தால் கண் இருட்டி விழுவார்கள். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு ஒரு நிமிடம் உட்காருங்கள். அந்த ஒரு நிமிடத்தில் வெப்பத்தையோ சர்க்கரையையோ பார்த்துவிடலாம்.

அப்படி உட்கார்ந்தபடியே ஈரச் சட்டையைக் கழற்றி, துண்டால் ஒற்றி எடுத்து, காய்ந்ததைப் போடுங்கள். முதுகைவிடக் கழுத்தும் தலைமுடியின் ஈரமும்தான் பிறகு குளிரடிக்கும், அதை மறக்க வேண்டாம். மேல் அடுக்கு விரிப்பை உருவுங்கள். இரண்டு மடக்குத் தண்ணீர். உடம்பு இன்னும் எரிந்தால் கழுத்திலும் மணிக்கட்டிலும் ஈரத்துணி வைக்கலாம். பனிக்கட்டி வேண்டாம், தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி சூடு உள்ளேயே நிற்கும். குளிரில் விரல்கள் வெளுக்கும் ரேனாட் தொல்லை உள்ளவர்கள் கையில் குளிர்ந்த எதையும் வைக்கவே வேண்டாம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கு உடம்பு கொஞ்சம் சூடேறினாலே பார்வை மங்கலாம், கால் தளரலாம். உடம்பு தணிந்ததும் அது பெரும்பாலும் சரியாகிவிடும், அதுவரை நடக்க வேண்டாம்.

பிறகு மெதுவான மூச்சு, நிமிடத்துக்கு ஆறு ஏழு என்ற கணக்கில். நோட்டில் நேரத்தைக் குறித்த பிறகு மறுபடி மணி பார்க்காதீர்கள். "இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கிறது" என்ற கணக்கு தூக்கத்தை விரட்டிவிடும். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால், எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, கண் சொருகும்போது வந்து படுங்கள்.

படி 7: தண்ணீரும் உப்பும்

"நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று பொதுவாகச் சொல்வது நம்மில் பலருக்கு ஆபத்தான யோசனை. இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய், டயாலிசிஸ் என்று இருப்பவர்களுக்கு நாளுக்கு இவ்வளவுதான் என்று அளவு கொடுத்திருப்பார்கள். வியர்த்ததை ஈடுகட்ட எவ்வளவு கூட்டலாம் என்பதை அவர்களிடமே கேட்க வேண்டும். படுக்கும் முன்னும் எழுந்ததும் எடை பார்த்தால் மருத்துவருக்கு ஒரு கணக்குக் கிடைக்கும். வியர்வையும் சிறுநீருமாகச் சேர்ந்து 1 கிலோ இறங்கினால் ஏறக்குறைய 1 லிட்டர் நீர் போயிருக்கிறது.

கட்டுப்பாடு இல்லாதவர்களுக்குச் சாதாரணத் தண்ணீரும் வழக்கமான சாப்பாடுமே போதும். பல இரவுகள் தொடர்ந்து கொட்டித் தலைசுற்றல் இருந்தால், 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். லித்தியம் எடுப்பவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறி நஞ்சாகும். கை நடுக்கம், வாய் குழறல், தள்ளாட்டம் தெரிந்தால் உடனே மருத்துவமனை.

தோலும், தோலில் ஒட்டியவையும்

ஈரம் தங்கும் மடிப்புகளில் வியர்க்குருவும் படையும் வரும். தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். மார்புக்கு அடியில், அக்குளில், தொடை இடுக்கில், விரல் இடுக்கில். படை வந்துவிட்டால் ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கடையில் வாங்கித் தடவாதீர்கள். அரிப்பு அடங்கும், படை பரவும்.

சென்சார், இன்சுலின் பம்ப், ஆஸ்டமிப் பை (வயிற்றில் போட்ட துளையில் கழிவு சேர ஒட்டும் பை) வைத்திருப்பவர்களுக்கு வியர்வையால் ஒட்டுப் பிரிவது தீராத தொல்லை. ஒட்டும் முன் தோலை நன்றாகக் காயவைத்து, தோலில் பாதுகாப்புப் படலம் பூசும் துடைப்பானால் துடைத்து, அது காய்ந்த பிறகு ஒட்டினால் அதிக நாள் நிற்கும். பம்பின் குழாய் ராத்திரியில் பிடுங்கிக்கொண்டால் சர்க்கரை ஏறும், அதனால் வியர்த்த இரவின் காலையில் ஒட்டைத் தொட்டுப் பாருங்கள். ஃபென்டனில் வலி நிவாரண ஒட்டு போட்டிருப்பவர்கள் கேளுங்கள்: உடம்பு சூடானால் அந்த ஒட்டிலிருந்து மருந்து அதிகமாக உடம்பில் ஏறும், காய்ச்சலிலும் அப்படித்தான். வழக்கத்துக்கு மீறிய தூக்கக் கலக்கமோ மூச்சு மெதுவாவதோ தெரிந்தால் ஒட்டைப் பிரித்துவிட்டு அவசர உதவியை அழையுங்கள். உதிர்ந்த ஒட்டு குழந்தைகள் கையில் கிடைக்கக் கூடாது.

படி 8: மருத்துவரிடம் எப்படிச் சொல்வது

"டாக்டர், ராத்திரி வியர்க்குது" என்றால், "சரி, ஃபேன் போட்டுப் படுங்க" என்று பதில் வரலாம். "கடந்த 14 இரவில் 6 இரவு சட்டையும், அதில் 3 இரவு விரிப்பும் மாற்றினேன். முன்பு வாரத்துக்கு ஒன்றுதான். எடை 2 கிலோ குறைந்திருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சே மாறிவிடும். காசநோய் உள்ளவரோடு பழகியிருந்தால் சொல்லுங்கள். குறட்டை விடுகிறீர்களா, இடையில் மூச்சு நிற்கிறதா என்று கூடப் படுப்பவரைக் கேட்டுவிட்டுப் போங்கள். நெஞ்செரிச்சல் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பெரும்பாலும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி, தைராய்டு, சர்க்கரை, கல்லீரல் சோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் காசநோய், எச்ஐவி சோதனைகள் எழுதுவார்கள். எல்லாம் சரியாக இருந்தும் வியர்வை நிற்காவிட்டால் அதோடு விட்டுவிட வேண்டாம், வியர்வையையே குறைக்கவும் வழி உண்டு. மாதவிடாய் நிற்கும் காலத்துக்கு ஹார்மோன் சிகிச்சை இருக்கிறது. அது கூடாதவர்களுக்கு வென்லாஃபாக்சின், கபாபென்டின், ஆக்ஸிபியூட்டினின் போன்றவை தரப்படுகின்றன. இதற்கென்றே வந்த ஃபெசோலினெடன்ட் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2023-இல் அனுமதி கிடைத்தது. அதை எடுப்பவர்கள் கல்லீரலைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். டமாக்சிஃபென் எடுப்பவர்களுக்குப் பராக்ஸிட்டின் ஏற்றதல்ல, டமாக்சிஃபெனின் வேலையை அது கெடுக்கும். மாதவிடாய் நிற்கும் காலத்து வியர்வைக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) உதவுகிறது. வியர்வையின் அளவு மாறாவிட்டாலும், அது தரும் அவதி நன்றாகக் குறைகிறது. மனம் சம்பந்தப்பட்டது என்று அதை ஒதுக்க வேண்டாம்.

கூடப் படுப்பவரிடம்

பேசிவிடுங்கள். ஒரே கட்டிலில் இரண்டு தனிப் போர்வை, தேவைப்பட்டால் இரண்டு தனி விரிப்பு. எனக்கு இதில் ரொம்ப நாள் கூச்சம் இருந்தது. நாற்றம் அடிக்குமோ, தூக்கம் கெடுமோ என்று சத்தம் போடாமல் ஈரத்திலேயே கிடந்திருக்கிறேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அவரும் அத்தனை நாளாக விழித்துக்கொண்டு, என்னை எழுப்பக் கூடாதென்று அசையாமல் படுத்திருந்தார். இப்போது நான் உட்கார்ந்ததும் மேல் விரிப்பின் மறுமுனையை அவர் உருவிவிடுகிறார். பாதி நேரம் கண்ணைத் திறப்பதுகூட இல்லை.

காலையில்

வாளியில் உள்ளதை உடனே அலசிப் போடுங்கள், வியர்வை காய்ந்தால் வாடை போகாது. மெத்தையை மூடாமல் ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள். இரவில் கிறுக்கிய நேரத்துக்குப் பக்கத்தில் மீதியை எழுதுங்கள். இரவு அளவு 3 ஆக இருந்திருந்தால் அன்றைய வேலைகளில் ஒன்றைத் தள்ளிப் போடுங்கள், மதியம் இருபது நிமிடம் படுங்கள். பிறகு காய்ந்த சட்டையை மடித்து, பாட்டிலை நிரப்பி, கூடையை அதே இடத்தில் வையுங்கள்.